ஆர்.வி. பயணத்தில் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது?

ஜூலை மாதம் சால்ட் லேக் சிட்டியில் 25 அடி நீள ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், இரண்டு பிள்ளைகள் உட்பட ஆறு பேராக ஒன்பது நாட்கள் கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்களைச் சுற்றி வரப் போவதாகவும், வண்டியின் கழிப்பறைத் தொட்டி நிறைந்தால் அதை எங்கே காலி செய்வது, அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் முறை ஆர்.வி. எடுக்கும் பெரும்பாலானோர் எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் திட்டமிட்டுவிட்டு, இதை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பதினோரு ஆண்டுகளாகச் சொந்தமாக ஒரு சிறிய ஆர்.வி. வைத்துக்கொண்டு மேற்கு மாநிலங்களில் பயணம் செய்துவருகிறோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

இடத்தைத் தேடுவதற்கு முன்னால், உங்கள் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு. குடிக்கவும் புழங்கவும் நல்ல நீர் நிரப்பும் தொட்டி ஒன்று. குளியலறை, சமையலறை சிங்க் ஆகியவற்றின் கழிநீர் சேரும் ‘கிரே டேங்க்’ ஒன்று. கழிப்பறையிலிருந்து நேராக இறங்கும் ‘பிளாக் டேங்க்’ ஒன்று. உங்கள் நீளமுள்ள வாடகை வண்டிகளில் கழிவுத் தொட்டிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 முதல் 35 கேலன் கொள்ளும். 30 கேலன் என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 114 லிட்டர். எடையும் அதே அளவுக்கு, அதாவது 110 கிலோவுக்கு மேல். உங்கள் வண்டியின் சரியான கொள்ளளவை வாடகை நிறுவனத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் பிளாக் டேங்க்தான் முதலில் நிறையும் என்று அஞ்சுகிறார்கள். அனுபவத்தில் முதலில் நிறைவது கிரே டேங்க். ஒருவர் ஐந்து நிமிடம் ஷவரைத் திறந்துவைத்துக் குளித்தாலே 8 முதல் 10 கேலன் இறங்கிவிடும். மூன்று பேர் அப்படிக் குளித்தால் தொட்டி முடிந்தது, கழிநீர் குளியலறைத் தரையின் வடிகால் வழியாகவே திரும்பி மேலே வரும். அதோடு நம் சமையல் வேறு. அரிசி களைந்த நீரும் சாம்பார்ப் பாத்திரம் கழுவிய நீரும் சேரும்போது தொட்டி விரைவாக நிறைவதோடு, எண்ணெயும் பருக்கைகளும் உள்ளே படிந்து நாறவும் தொடங்கும். பாத்திரங்களைக் கழுவுமுன் காகிதத் துண்டால் வழித்துக் குப்பையில் போடுவது நல்ல பழக்கம். பிளாக் டேங்கைப் பொறுத்தவரை, கால் கழுவ நீர் புழங்கும் நம் வழக்கத்தால் ஒரு நன்மையும் ஒரு சிரமமும் உண்டு. நீர் அதிகம் இறங்குவதால் உள்ளே இருப்பது இளகி, திறக்கும்போது தங்காமல் வெளியேறிவிடும். காகிதம் மட்டும் பயன்படுத்துவோரின் தொட்டியில் அது கட்டிபட்டுப் போவது சாதாரணம். ஆனால் ஆறு பேர், அதிலும் இரவில் இரண்டு மூன்று முறை எழும் பெரியவர்கள் இருவர், இப்படிப் புழங்கினால் 30 கேலன் தொட்டி மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு முறை காலி செய்வது என்று உங்கள் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நாள் அவசரத்துக்கான இருப்பு.

சுவரில் தொட்டியின் அளவைக் காட்டும் சிறு விளக்குகளை நம்பித் திட்டமிடாதீர்கள். தொட்டியின் பக்கச் சுவரில் பதித்த ஆணி போன்ற உணரிகளில் காகிதமோ கழிவோ ஒட்டிக்கொண்டால், காலி செய்த பிறகும் முக்கால் பங்கு என்று காட்டிக்கொண்டிருக்கும். நாட்களை எண்ணுவதுதான் துல்லியம்.

இனி இடங்கள். வண்டியின் கழிவைக் குழாய் வழியாகத் தரையிலுள்ள ஒரு குழிக்குள் இறக்கும் இடத்துக்கு அமெரிக்காவில் பொதுவாக வழங்கும் பெயர் ‘டம்ப் ஸ்டேஷன்’. அரசுப் பலகைகளில் ‘சானிட்டரி ஸ்டேஷன்’ என்றும், கனடாவுக்குள் போனால் ‘சானி-டம்ப்’ என்றும் பார்ப்பீர்கள். நீலப் பலகையில் வெள்ளை நிறத்தில் ஒரு வண்டியும், அதன் அடியிலிருந்து கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருந்தால் அதுதான் அடையாளம்.

முதல் இடம், கூடாரமோ வண்டியோ போட்டு இரவில் நீங்கள் தங்கப்போகும் திடலான கேம்ப்கிரவுண்டே. ‘ஃபுல் ஹூக்கப்’ என்று போட்டிருந்தால் உங்கள் வண்டி நிற்கும் இடத்திலேயே மின்சாரம், நீர், கழிவுக்குழாய் மூன்றும் இருக்கும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் அப்படிப்பட்ட வசதி உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் அங்கே கூடாரங்களுக்கு இடமில்லை, உறுதியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. பூங்காவுக்குள் இப்படி ஒன்றுதான் என்பதால் அங்கே இடம் கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். மேடிசன், கேன்யன், பிரிட்ஜ் பே, கிராண்ட் வில்லேஜ் ஆகிய கேம்ப்கிரவுண்டுகளில் பொது டம்ப் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பூங்காவின் எட்டு வடிவச் சாலை மொத்தம் 142 மைல்தான் என்பதால் எங்கே தங்கினாலும் இவற்றில் ஒன்று உங்கள் வழியில் வந்துவிடும். வடக்கு முனையிலுள்ள மாமத், மற்றும் நாரிஸ், லூயிஸ் லேக் போன்ற சிறிய கேம்ப்கிரவுண்டுகளில் இந்த வசதி இல்லை. மாமத்தில் இரண்டு இரவு தங்கப் போகிறவர்கள் அதற்கு முன் மேடிசனிலோ கேன்யனிலோ காலி செய்துவிட்டு வடக்கே ஏறுவது நல்லது. தெற்கே கிராண்ட் டீட்டனில் குரோ வாந்த், சிக்னல் மவுண்டன், கோல்ட்டர் பே ஆகிய மூன்றிலும் டம்ப் ஸ்டேஷன் உண்டு; கோல்ட்டர் பேயில் ஃபுல் ஹூக்கப் உள்ள தனி ஆர்.வி. பார்க்கும் இருக்கிறது.

இவையெல்லாம் கோடைக்கான வசதிகள் என்பதை மறக்க வேண்டாம். அந்த உயரத்தில் செப்டம்பர் இறுதியிலேயே இரவில் நீர் உறையத் தொடங்கும் என்பதால், கழிவுக்குழாயை அலசுவதற்கான நீர்க்குழாய் முதலில் மூடப்படும், பிறகு டம்ப் ஸ்டேஷனே மூடப்படும். நீங்கள் போவது ஜூலையில் என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் மே முதல் பாதியிலோ அக்டோபரிலோ போகிறவர்கள் ஒவ்வொரு இடமும் எந்தத் தேதியில் திறக்கிறது, மூடுகிறது என்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பூங்காவுக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பயணத்தில் எளிதாகக் கிடைப்பவை பெரிய டிரக் நிறுத்தங்கள். ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற தொடர் நிறுவனங்களின் கிளைகளில் பலவற்றில், எல்லாவற்றிலும் அல்ல, டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. கட்டணம் கிளைக்குக் கிளை மாறும். 10 டாலரிலிருந்து 20 டாலர் வரை கொடுக்கத் தயாராக இருங்கள். அந்தந்த நிறுவனத்தின் செயலியில் ‘டம்ப்’ வசதியுள்ள கிளைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பெட்ரோல் போட எப்படியும் நிற்கப் போகிறோம் என்பதால் இரண்டு வேலையும் ஒரே நிறுத்தத்தில் முடியும்.

தனியார் ஆர்.வி. பார்க்குகள் பலவும் தங்காதவர்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கின்றன. இதற்குத் தொலைபேசியில் கேட்பதே வழி. இணையதளத்தில் அவர்கள் இதை விளம்பரம் செய்வது குறைவு. மாநிலப் பூங்காக்களிலும் அப்படியே: தங்குவோருக்கு இலவசமாகவும், மற்றவர்களுக்கு நுழைவுக் கட்டணத்துடனோ தனிக் கட்டணத்துடனோ அனுமதிப்பார்கள். சில மாநிலங்களில் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலேயே இந்த வசதி உண்டு. இதில் வாஷிங்டன் மாநிலம் செய்திருப்பதை நான் மனமாரப் பாராட்டுவேன்: அங்கே ஆர்.வி. பதிவுக் கட்டணத்தோடு 3 டாலர் தனியாக வசூலித்து, அந்தப் பணத்தில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் டம்ப் ஸ்டேஷன்களைக் கட்டிப் பராமரிக்கிறார்கள். வெளிமாநில வண்டிகளும் அங்கே கட்டணமின்றிக் காலி செய்துகொள்ளலாம்.

பலருக்கும் தெரியாத, எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது: சிற்றூர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நகராட்சி நடத்தும் இந்த நிலையங்களில் பலவற்றின் வாசலிலேயே ஆர்.வி. வண்டிகளுக்கென ஒரு குழி ஒதுக்கியிருப்பார்கள். இலவசமாகவோ, உண்டியல் போன்ற ஒரு பெட்டியில் சில டாலர்கள் போட்டுவிட்டோ பயன்படுத்தலாம். எங்கே கொட்டினாலும் கழிவு கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்பதால், அங்கே நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பதில் எனக்கு ஒரு நிம்மதி. அதுபோலவே கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) கண்காட்சித் திடல்கள், ஊர்ப் பூங்காக்கள் ஆகியவற்றிலும் உண்டு. வேட்டை, மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கபேலாஸ் கடைகளில் சிலவற்றின் வாகன நிறுத்தத்திலும் டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. வால்மார்ட்டில் இரவு நிறுத்திக்கொள்ளச் சில கிளைகள் அனுமதிக்கும் என்றாலும் கழிவு இறக்க அங்கே வசதி கிடையாது.

இவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டும் தளங்களும் செயலிகளும் இருக்கின்றன. சானிடம்ப்ஸ், ஆர்.வி. டம்ப்சைட்ஸ் ஆகியவை இதற்கென்றே உள்ளவை. கேம்பென்டியம், ஐஓவர்லேண்டர், ஆல்ஸ்டேஸ் ஆகியவை தங்குமிடங்களோடு சேர்த்து இதையும் காட்டும். கூகுள் மேப்பில் ‘ஆர்.வி. டம்ப் ஸ்டேஷன்’ என்று தேடினாலும் பல கிடைக்கும். ஆனால் இவை எல்லாவற்றிலும் பயணிகளே தகவல் சேர்ப்பதால், மூடிப்போன இடங்களும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஒரு முறை நெவாடாவில், மூன்றாம் நாள் மாலை, பிளாக் டேங்க் ஏறக்குறைய நிறைந்த நிலையில், செயலி காட்டிய ஒரு சிற்றூருக்கு நெடுஞ்சாலையிலிருந்து 22 மைல் விலகிப் போனோம். நீலப் பலகை இருந்தது, நீர்க்குழாய்த் தூணும் இருந்தது. தரையில் குழி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வட்டமாகப் புதுச் சிமென்ட் பூசியிருந்தார்கள். பக்கத்தில் யாரோ இறக்கிவிட்டுப் போன கழிவு காய்ந்து, அதன் மேல் காகிதம் வெளிறிப்போய் ஒட்டியிருந்தது. செயலியில் கடைசிக் கருத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அன்றிரவு குழந்தையைக் கூட்டிக்கொண்டு எரிபொருள் நிலையக் கழிப்பறைக்கு நடந்தோம். மறுநாள் காலை எழுபது மைல் தள்ளித்தான் இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். காலி செய்ய வேண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முதன்மை இடமும், அதிலிருந்து முப்பது நாற்பது மைலுக்குள் ஒரு மாற்று இடமும் வீட்டிலிருந்தே குறித்துக்கொள்வேன். கடைசிக் கருத்து அந்தப் பருவத்தில் எழுதப்பட்டதா என்று பார்ப்பேன். முந்தைய நாள் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்பேன்: இப்போது திறந்திருக்கிறதா, அங்கே தங்காதவர்களுக்கு அனுமதி உண்டா, அலசுவதற்கு நீர் இருக்கிறதா. மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றும். வறட்சிக் காலத்தில் பல இடங்களில் நீர்க்குழாயை மூடிவைத்திருப்பார்கள் என்பதால் அதைக் கேட்பது அவசியம். யெல்லோஸ்டோனுக்குள் பெரும்பகுதியில் கைப்பேசி இணைப்பு கிடைக்காது. ஆகவே இடங்களின் பெயரையும் வழியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். கேம்ப்கிரவுண்டுகளில் காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை, அறை காலி செய்வதுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் இடத்தை விட்டுக் கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஐ ஒட்டிய நாட்களிலும் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறோம். காலை 8 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பிறகோ போனால் யாரும் இருக்க மாட்டார்கள்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியதை அருகிலிருந்து சொல்கிறேன், ஏனெனில் முதல் முறை பலர் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்க ஆர்.வி.களில் கழிவு வெளியேறும் வாய் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு அருகில் இருக்கும். ஆகவே குழி உங்கள் இடக்கைப் பக்கம் வருமாறு வண்டியை நிறுத்த வேண்டும். எதிர்த்திசையில் நுழைந்துவிட்டால் குழாய் எட்டாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கையுறையைப் போட்டுக்கொண்ட பின்பே எதையும் தொடுங்கள். மூடியைக் கழற்றுமுன் இரண்டு கழிவுத் தொட்டிகளின் வால்வுகளும் முழுதாக உள்ளே தள்ளி மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள்; இல்லையென்றால் மூடி கழன்றதும் காலில்தான் கொட்டும். சரியாக மூடியிருந்தாலும் கொஞ்சம் சொட்டும் என்பதால் சற்று விலகி நில்லுங்கள். மூன்று அங்குலக் குழாயின் ஒரு முனையை வண்டியின் கழிவு வாயோடு சேர்த்து, காதுபோன்ற கொக்கிகள் பொருந்தும்வரை திருகுங்கள். இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்யுங்கள். மறுமுனையைக் குழிக்குள் ஒரு சாண் ஆழமாவது இறக்கி, மேலே கிடக்கும் கனமான மூடியையோ ஒரு கல்லையோ அதன் மேல் வைத்து அழுத்துங்கள். வால்வு திறந்ததும் வரும் வேகத்தில் குழாய் பாம்புபோல எகிறும். இந்தக் கல்லை வைக்க மறந்தவர்கள் பட்ட பாட்டை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் பிளாக் டேங்கின் வால்வை ஒரே இழுப்பில் முழுதாகத் திறங்கள். சத்தம் முதலில் பேரிரைச்சலாக இருந்து, பிறகு குறைந்து, சொட்டுச் சத்தமாகும். அது நின்றதும், உள்ளே ஒருவர் கழிப்பறை வழியாக ஒரு வாளி நீரை ஊற்ற, மீண்டும் ஓடவிட்டு, வால்வை மூடிவிட்டுப் பிறகுதான் கிரே டேங்கைத் திறக்க வேண்டும். சோப்பு கலந்த அந்த நீர் குழாயின் உட்புறத்தைக் கழுவிக்கொண்டு போகும். வரிசை மாறினால் இந்தப் பலன் கிடையாது. குழாயை வண்டிப் பக்கமிருந்து உயர்த்திப் பிடித்து உள்ளிருப்பதைக் குழிக்குள் வடித்து, அலசி, அதற்குரிய பெட்டியில் வையுங்கள். கடைசியாகக் காலியான பிளாக் டேங்குக்குள் மூன்று நான்கு கேலன் நீரை ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். வறண்ட தொட்டியில் விழும் கழிவு அடியில் ஒட்டிக் குவியும். இதே காரணத்தால், ஃபுல் ஹூக்கப் இடத்தில் தங்கும்போதும் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. நீர் மட்டும் வடிந்துபோய், கெட்டியானது மேடாக இறுகிவிடும். மூடிவைத்து, தொட்டி பாதிக்கு மேல் நிறைந்த பின் ஒரே மூச்சில் திறப்பதே முறை.

டம்ப் ஸ்டேஷனில் பெரும்பாலும் இரண்டு நீர்க்குழாய்கள் இருக்கும். குழிக்குப் பக்கத்தில் இருப்பது அலச மட்டும். ‘குடிக்கத் தகாதது’ என்று எழுதியிருக்கும், எழுதாவிட்டாலும் அப்படித்தான் கொள்ள வேண்டும். அதன் முனையைக் கழிவுக்குழாய்க்குள் விட்டு அலசியவர்கள் உங்களுக்கு முன் எத்தனையோ பேர். நல்ல நீர் நிரப்பும் குழாய் பல அடி தள்ளித் தனியாக இருக்கும். கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பு, வேறு ஹோஸைக் கொண்டுதான் அங்கே நீர் பிடிக்க வேண்டும். பெரியவர்களும் பிள்ளைகளும் வண்டியில் இருக்கையில் இதில் ஒரு சிறு சலுகைகூடக் கூடாது.

எங்கே கொட்டக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாலையோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு எதுவுமின்றி நேராக ஓடைக்குப் போகிறது. பூங்காக்களில் உள்ள குழிக் கழிப்பறைகளில் ஆர்.வி. கழிவை ஊற்றினால் அது நிரம்பி வழிந்து அந்த இடமே மூடப்படும். கிரே டேங்க் நீர் வெறும் சோப்பு நீர்தானே, புல்லில் விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தேசியப் பூங்காவுக்குள் வண்டியிலிருந்து எந்தக் கழிநீரையும் தரையில் விடுவது விதிமீறல், அபராதமும் உண்டு. அதைவிட முக்கியமான காரணம், சமையல் மணமுள்ள அந்த நீர் கரடியைக் கேம்ப்கிரவுண்டுக்குள் வரவழைக்கும். மனிதர் உணவைச் சுவைக்கப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிய நிலைகூட வருகிறது.

தொட்டியில் நாற்றம் போக்க ஊற்றும் மருந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இடங்கள் மூடப்படுவதோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ள பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் நகரச் சாக்கடை இணைப்பு கிடையாது. செப்டிக் டேங்கும், அதிலிருந்து நீரை மண்ணுக்குள் பரப்பும் குழாய்களும்தான். அந்தத் தொட்டிக்குள் கழிவைச் செரிப்பவை பாக்டீரியாக்கள். வீட்டுக் கழிவில் குளியல் நீர், துணி துவைத்த நீர் எல்லாம் கலந்து நீர்த்துப்போய் வருகிறது, ஆர்.வி. கழிவோ குறைந்த நீரில் பல நாள் தேங்கியது என்பதால் பல மடங்கு அடர்த்தியானது. அதோடு பார்மால்டிஹைடு கலந்த மருந்தும் சேர்ந்து இறங்கினால் பாக்டீரியாக்கள் செத்து, செரிக்காத கழிவு மண்குழாய்களை அடைத்து, நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்கிறது. கலிஃபோர்னியாவில் இத்தகைய மருந்துகளுக்குச் சட்டப்படி தடை உண்டு. கழிவைச் செரிக்காமல் அப்படியே மண்ணுக்குள் இறக்கும் பெரிய உறைகுழிகளை அமெரிக்க மத்திய அரசும் 2005 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. பழுதான செப்டிக் அமைப்பைத் தோண்டி மாற்றுவது சிறிய ஊராட்சிக்கோ தனியார் பார்க்குக்கோ தாங்க முடியாத செலவு; மூடிவிடுவது எளிது. நெவாடாவில் நான் பார்த்த அந்தச் சிமென்ட் வட்டத்துக்குப் பின்னால் இப்படியொரு கணக்கு இருந்திருக்கலாம். எனவே நொதிகளாலோ பாக்டீரியாவாலோ ஆன மருந்தை மட்டும் வாங்குங்கள். வாடகை நிறுவனம் பொட்டலத்தில் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஈரத் துடைப்பான்களையும் குழந்தை டயப்பரையும் கழிப்பறையில் போட வேண்டாம். ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் வேண்டாம். இறக்கும்போது தரையில் ஏதாவது சிந்தினால் நீர் விட்டுக் குழிக்குள் தள்ளிவிட்டு, மூடியை மூடிவிட்டுக் கிளம்புங்கள். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நடக்கும் இந்த வசதி, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் சுத்தமாக விட்டுப் போவதால்தான் இன்னும் இருக்கிறது.

எல்லாத் திட்டமும் தவறி, தொட்டி நிறைந்தே விட்டால் என்ன செய்வது? வண்டிக் கழிப்பறையைப் பூட்டிவிட்டு, கேம்ப்கிரவுண்டின் பொதுக் கழிப்பறையையும் குளியலறையையும் பயன்படுத்துங்கள். அருகிலுள்ள ஆர்.வி. பார்க்குகளை வரிசையாக அழைத்து நிலைமையைச் சொன்னால் யாராவது ஒருவர் அனுமதிப்பார்; 25 டாலர் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். சில ஊர்களில் ‘ஹனி வேகன்’ என்று செல்லமாக அழைக்கும் கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைக்கலாம். செலவு அதிகம், முன்பதிவும் வேண்டும். நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்குவோர் சக்கரம் வைத்த நீல நிறச் சிறு தொட்டி ஒன்றை வைத்திருப்பார்கள். கழிவை அதில் இறக்கி, நடை வேகத்தில் இழுத்துக்கொண்டுபோய் டம்ப் ஸ்டேஷனில் கொட்டுவார்கள். ஒன்பது நாள் பயணத்துக்கு உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொண்டால், நான் இப்படி அமைப்பேன். முதல் நாள் காலித் தொட்டியோடு சால்ட் லேக் சிட்டியிலிருந்து லோகன், பேர் லேக் வழியாக ஜாக்சனுக்குப் போய், அதன் வடக்கே குரோ வாந்த் கேம்ப்கிரவுண்டில் தங்குவேன். மூன்றாம் நாள் காலை, அங்கிருந்து கிளம்பும்போதே முதல் முறை காலி செய்துவிட்டுக் கோல்ட்டர் பே வழியாக வடக்கே ஏறி யெல்லோஸ்டோனுக்குள் நுழைவேன். ஐந்தாம் நாள் கிராண்ட் வில்லேஜிலோ பிரிட்ஜ் பேயிலோ, ஏழாம் நாள் கேன்யனிலோ மேடிசனிலோ. எட்டாம் நாள் மேற்கு வாயில் வழியாக வெளியேறி, ஐடஹோ ஃபால்ஸ் வழியாக 15ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்குவேன். மேற்கு வாயிலிலிருந்து சால்ட் லேக் சிட்டி சுமார் 320 மைல். வழியெங்கும் டிரக் நிறுத்தங்களும் ஆர்.வி. பார்க்குகளும் இருப்பதால் அந்தப் பகுதியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்பதாம் நாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் தொட்டிகள் காலியாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். மீறினால் அவர்கள் பிடிக்கும் தொகை டம்ப் ஸ்டேஷன் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. வண்டியை எடுக்கும் அன்றே, திரும்பி வரும்போது பக்கத்தில் எங்கே காலி செய்யலாம் என்று அலுவலகத்திலேயே கேட்டு, அந்த இடத்தின் பெயரையும் திறந்திருக்கும் நேரத்தையும் தாளின் கடைசி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு கையுறைப் பெட்டி ஒன்றும், குழாயோடு பொருத்தும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வளைவு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஓடுவது தெளிந்துவிட்டதா என்பது அந்த வளைவின் வழியே தெரியும், வால்வை எப்போது மூடலாம் என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.